முதலாளி கையில் கட்டியிருந்த வாட்ச்

ஸ்ரீவில்லிபுத்தூர்
12.08.2025

அன்புள்ள தம்பி பாண்டிக்கு,

ஈஸ்வரி அக்கா எழுதுகிறேன். இங்கே நான், உன் மச்சான், மகாலட்சுமி மூவரும் நலம். நீயும் பரிபூரணமும் நலமாக இருப்பீர்கள். கையில் போன் இருக்கும்போது லெட்டர் எதற்கு என்று சிரிக்காதே. எழுதிக் கொடுத்தால்தான் மதிப்பாக இருக்கும் என்று உன் மச்சான்தான் சொன்னார். இதை அவரே கொண்டு வருகிறார்.

குவாரி முதலாளி வீரணன் ஐயா இந்த மாதம் மூன்றாம் தேதி ஆலங்குளம் பக்கம் பழைய குவாரிப் பள்ளத்துத் தண்ணீரில் தவறி விழுந்து இறந்தது உனக்குத் தெரியும். ஒன்பது வருஷம் அவருக்குக் கார் ஓட்டிய உன் மச்சான், இப்போது வேலை இல்லாமல் வீட்டில் இருக்கிறார். போன பொங்கலுக்கு முதலாளி தன் கையில் இருந்த சுவிஸ் வாட்சைக் கழற்றி இவருக்குக் கொடுத்தாராம். அதைக் கட்டிக்கொள்ள இவருக்கு மனசு வரவில்லை. நல்ல ஆளாகப் பார்த்து விற்றுக் கொடு. சொந்தமாக ஒரு கார் எடுத்து ஓட்டலாம் என்று இருக்கிறார்.

வாட்ச் விற்க வருகிறவர்களிடம் நீ நூறு கேள்வி கேட்பாய். இவரிடம் அதெல்லாம் வேண்டாம். துக்கத்தில் இருக்கிறார், சங்கடப்படுவார். மகா உன்னைக் கேட்டாள். அரைக் கிலோ பால்கோவா கொடுத்துவிட்டிருக்கிறேன், பரிபூரணத்துக்கு வைத்துக் கொடு, நீயே தின்று தீர்க்காதே.

இப்படிக்கு,
உன் அக்கா ஈஸ்வரி

---

ராஜபாளையம்
19.08.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பால்கோவா வந்தது. பரிபூரணத்துக்குப் பாதி கொடுத்தேன், சத்தியம்.

இந்தக் கடிதத்தை நீ வேலை பார்க்கும் வக்கீல் வஞ்சுளவல்லி மேடம் ஆபீசுக்கு அனுப்புகிறேன். வீட்டுக்கு அனுப்பவும் யோசனையாக இருந்தது, போன் பண்ணவும் யோசனையாக இருந்தது. உன் போனைத் தினமும் மச்சான் வாங்கிப் பார்ப்பார் என்று நீயே ஒருமுறை சொல்லிச் சிரித்திருக்கிறாய். அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்தேன்.

அக்கா, நான் கேட்கும் நூறு கேள்விதான் என் தொழில். பழைய சுவிஸ் வாட்சை வாங்கி விற்கிறவனுக்குக் கண்ணாடி ஷோகேஸ், ஏசி எல்லாம் பொறவு. யாருடையது, எப்போது வாங்கியது, ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டு, ஆதார் நகல் வாங்கி, கொண்டு வந்தவர் கண் முன்னாலேயே பின்மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். வாங்குகிறவரிடம் இந்த முள் மாற்றியது, இந்தக் கண்ணாடி புதுசு என்று மறைக்காமல் சொல்ல வேண்டும். இதே ஊரில் இன்னொரு கடைக்காரர் இருக்கிறார். கீறல் தெரியக் கூடாது என்று வாட்சின் மேல்கூடு, அந்தக் கேஸின் விளிம்பே கரைந்து போகிற அளவுக்குப் பாலிஷ் போடுவார். ஒரு வாட்சின் பெட்டியை இன்னொரு வாட்சுக்கு ஜோடி சேர்ப்பார். எதையும் கேட்க மாட்டார், அதனால் எல்லாரும் அவரிடம் சந்தோஷமாகப் போகிறார்கள்.

மச்சானிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. அக்கா வீட்டுக்காரரிடம் ஆதார் கேட்க எனக்கு வாய் வருமா? காபி வாங்கிக் கொடுத்து, வாட்சை வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு முன்பணமும் கொடுத்து அனுப்பினேன். அவர் போன பிறகு வழக்கம்போல் செயினைக் கழற்றி வெந்நீரில் சோப்புப் போட்டுப் பிரஷால் தேய்த்தேன். செயின் கண்ணிகளுக்குள் வெள்ளைச் சேறு அப்பியிருந்தது, குவாரிகளில் இருக்கிற சுண்ணாம்புக்கல் சேறு. எல்லாவற்றையும் கழுவி, தண்ணீரை ஊற்றிவிட்ட பிறகுதான் பின்மூடியைத் திறந்தேன்.

வாட்ச் சர்வீஸ் செய்கிற மெக்கானிக் பின்மூடியின் உள்பக்கம் ஊசியால் தன் எழுத்தையும் தேதியையும் கீறி வைப்பான். அடுத்துத் திறக்கிறவனுக்கு அது அடையாளம். இதில் மதுரை தாமோதர் கையெழுத்து இருக்கிறது. தேதி போன ஜூலை இருபத்தாறு. தாமோதருக்குப் போன் போட்டேன். "வீரணன் ஐயா கையில கட்டிக்கிட்டு வந்தாக. உக்காந்திருந்து வாங்கி, திரும்பக் கட்டிக்கிட்டுத்தான் போனாக" என்றார்.

ஜூலை கடைசியில் முதலாளி கையில் இருந்த வாட்ச், பொங்கலுக்கு மச்சானிடம் எப்படி வந்திருக்கும்? மச்சான் மாதத்தை மாற்றிச் சொல்லியிருக்கலாம். நீ ஒரு வரி எழுது அக்கா. எனக்கு நுணுக்க வேலை எதுவும் ஓடவில்லை.

உன் தம்பி,
பாண்டி

---

ஸ்ரீவில்லிபுத்தூர்
23.08.2025

தம்பி பாண்டிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். ஒன்பது வருஷம் சோறு போட்ட முதலாளியைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற மனுஷனைப் பற்றி இப்படி எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? உனக்குக் கண்ணில் பூதக்கண்ணாடி வைத்து வைத்து எல்லாமே ஓட்டையாகத் தெரிகிறது. தாமோதருக்கு வயசாகிவிட்டது, அவர் வேறு வாட்சை நினைத்துச் சொல்லியிருப்பார்.

சீக்கிரம் விற்றுவிடு. உள்ளூரில் வேண்டாம், கோயம்புத்தூர், சென்னை என்று வெளியே விற்றுவிடு.

இனிமேல் இது பற்றி எழுதாதே. எழுதினால் ஆபீசுக்கே எழுது.

ஈஸ்வரி

---

ராஜபாளையம்
04.09.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். நான் ஒரு தப்புச் செய்துவிட்டேன்.

திங்கட்கிழமை வீரணன் ஐயாவின் மகள் வெங்கடேஸ்வரி கடைக்கு வந்திருந்தார். கையில் ஒரு போட்டோ. அவர் கல்யாணத்தில் எடுத்தது, அப்பா கையில் அந்த வாட்ச். "அண்ணே, அப்பா குளிக்கும்போதுகூட இதைக் கழத்த மாட்டாக. தூக்கும்போது கையில இல்ல. பள்ளத்துல ஆளை இறக்கித் தேடியாச்சு. உங்ககிட்டயோ வேற யார்கிட்டயோ வந்தா ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. வாட்சு எனக்கு வேண்டாம், யாரு கொண்டுவந்தாகன்னு தெரிஞ்சாப் போதும்" என்றார்.

வாட்ச் என் முழங்காலுக்கு நேராக மேஜை டிராயரில் இருந்தது. நான், "வரலம்மா. வந்தா சொல்றேன்" என்றேன். கேட்காமல் வாங்கியது ஒரு பிழை. கேட்டு வந்தவரிடம் பொய் சொன்னது அதைவிடப் பெரிய பிழை. அந்தப் பாலிஷ் கடைக்காரர்கூட இந்தப் பொய்யைச் சொல்லியிருப்பாரா தெரியாது.

மச்சான் இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் கடைக்கு வருகிறார். "என்ன மாப்ளே, வித்தாச்சா?" என்பார். இல்லை என்றால், "அப்ப செத்த நேரம் உக்காந்துட்டுப் போறேன்" என்று எதிரில் உட்கார்ந்துகொள்வார். நான் வேலை செய்கிற கையையே பார்த்துக்கொண்டிருப்பார். நேற்று போகும்போது, "அந்தப் பொம்பளை வந்துட்டுப் போச்சாமே. எம்புட்டு நேரம் இருந்துச்சு?" என்று கேட்டார். அவருக்கு யார் சொன்னது என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு ஷட்டர் சத்தம் கேட்டாலே டிராயரைப் பூட்டிவிடுகிறேன்.

இன்னொன்று. போன கடிதத்தில் எழுதாமல் விட்டேன். வெள்ளைச் சேற்றோடு செயின் கண்ணிக்குள் ஓர் அரிசி நொய்யும் இருந்தது. போன் தண்ணீரில் விழுந்தால் அரிசிக்குள் வைப்பதுபோல் யாரோ அந்த வாட்சை அரிசியில் போட்டு வைத்திருக்கிறார்கள். உண்மையில் அந்த வாட்சுக்குள் தண்ணீரே போகாது, ஆற்றில் போட்டாலும் ஓடும். அது தெரியாத ஒருவர் நல்லெண்ணத்தில் செய்தது.

மச்சான் அடுப்படிப் பக்கம் போகிறவர் இல்லை. அது நீதானே அக்கா?

உன் தம்பி,
பாண்டி

---

ஸ்ரீவில்லிபுத்தூர்
10.09.2025

அன்புள்ள பாண்டிக்கு,

நான்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வந்தார். முழங்கால் வரைக்கும் வெள்ளையாக ஈரம். கைலி எடுத்துக் கொடு என்றார், கொடுத்தேன். சட்டைப் பையிலிருந்து அந்த வாட்சை எடுத்து, "தொட்டித் தண்ணியில விழுந்துட்டு, காய வை" என்று என் கையில் கொடுத்தார். நான் முந்தானையால் துடைத்தேன். துடைக்கும்போதே அது யாருடையது என்று தெரிந்தது. தீபாவளிக்கு அந்தக் கையிலிருந்துதான் நாங்கள் புடவையும் வேட்டியும் வாங்கினோம். அரிசி டிரம்முக்குள் அமுக்கி வைத்து மூடினேன். இரண்டு நாள் அதில்தான் இருந்தது. அந்த அரிசியில்தான் சோறு பொங்கினேன், மகாவுக்கு டப்பாவில் கட்டிக் கொடுத்தேன்.

சாயங்காலம்தான் முதலாளியைப் பள்ளத்துத் தண்ணீரிலிருந்து பிணமாகத் தூக்கியிருக்கிறார்கள் என்று போன் வந்தது. இவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார் பாண்டி. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். செவ்வாய்க்கிழமை போலீஸ்காரர் வந்து விசாரித்தார். ஞாயிறு இவருக்கு லீவு, முழுக்க வீட்டில்தான் இருந்தார் என்று சொன்னேன். சொல்லச் சொன்னார், சொன்னேன். உனக்குக் கொடுத்த லெட்டரும் அப்படித்தான். அவர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதினேன், பால்கோவா தவிர.

விழுந்தாரா, என்ன ஆனது என்று நான் இன்றுவரைக்கும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்றுதான் பயம். அவர் அடிக்கிறவர் இல்லை. சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்து, என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பார். "நீ ஒண்ணும் யோசிக்கலையே?" என்பார். இல்லை என்பேன்.

உன்மேல் எனக்கு ஒரு ஆத்திரம் உண்டு, சொல்லிவிடுகிறேன். ஒரு வாட்சை வாங்க நூறு கேள்வி கேட்கிறாய். அப்பா இல்லாத வீட்டில் என்னைப் பெண் கேட்டு வந்தபோது நீதான் பேசினாய். கார் இருக்கிறதா, டிரைவர் வேலை நிரந்தரமா என்று கேட்டாய். ஆள் எப்படி என்று தேவதானத்தில் அவர் ஊர்க்காரர் ஒருவரிடமாவது விசாரித்தாயா? வெளுத்த சட்டையும் சிரித்த முகமுமாக வந்தார், உனக்குப் போதுமாக இருந்தது.

சரி, அது முடிந்த கதை. இப்போது ஒன்றே ஒன்று கேட்கிறேன். மகாவுக்குக் காலாண்டுப் பரீட்சை ஆரம்பிக்கப் போகிறது. இருபத்தாறாம் தேதி முடிகிறது. பரீட்சை நடுவில் அவளைக் கிளப்பினால் இவருக்குச் சந்தேகம் வந்துவிடும். லீவு விட்டதும், மாமா வீட்டுக்குப் போகிறோம் என்று சொல்லி இருபத்தேழாம் தேதி சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். மறுநாளே வஞ்சுளவல்லி மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லி, அவரைக் கூட்டிக்கொண்டு நானே ஸ்டேஷனுக்குப் போகிறேன். நானாகப் போய்ச் சொன்னால் என் பேச்சுக்கு மரியாதை இருக்கும். மகாவும் உன் வீட்டில் பத்திரமாக இருப்பாள். அதுவரைக்கும் வாயைத் திறக்காதே. இந்தக் கடிதத்தை உடனே கிழித்துவிடு.

உன் அக்கா,
ஈஸ்வரி

---

ராஜபாளையம்
13.09.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதிய எதற்கும் என்னிடம் மறுப்பு இல்லை. கல்யாண விஷயத்தில் நீ திட்டியது முழுக்க நியாயம். பரிபூரணத்திடம் மட்டும் கொஞ்சம் சொன்னேன். அவள் எழுந்து போய் மாடி அறையைக் கூட்டித் துடைத்து, உனக்கும் மகாவுக்கும் மெத்தை போட்டு வைத்துவிட்டாள்.

இருபத்தேழு வரைக்கும் பொறுப்பேன். அம்மா மேல் சத்தியம். கடிதத்தைக் கிழித்துவிடுகிறேன்.

நீ பயப்படுகிறாய், நானும் பயப்படுகிறேன். இரண்டு பேரும் சேர்ந்து பதினாலு நாள் பயந்தால் போதும். துணிமணி எல்லாம் மொத்தமாக எடுக்காதே. இரண்டு நாள் தங்கப் போகிறவள்போல் ஒரு பையோடு வா. மகாவின் சர்ட்டிபிகேட்டுகளை மட்டும் மறக்காதே.

உன் தம்பி,
பாண்டி

---

ஸ்ரீவில்லிபுத்தூர்
22.09.2025

பாண்டி,

தமிழ், இங்கிலீஷ், கணக்கு முடிந்தது. சயின்ஸ் புதன்கிழமை, சோஷியல் வெள்ளிக்கிழமை.

மகாவின் சர்ட்டிபிகேட் கவரை எடுத்து ஆபீஸ் பையில் வைத்தேன். ராத்திரி சாப்பிடும்போது, "பீரோவுல என்னமோ தேடுனியே, கிடைச்சுதா?" என்றார். ரேஷன் கார்டு என்றேன். சரி என்றார். பிறகு எழுந்து போய் அரிசி டிரம்மைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். எதற்கு என்று தெரியவில்லை. மகா படித்துக்கொண்டிருந்தாள்.

இன்னும் ஐந்து நாள். நீ சொன்ன சொல்லை நம்பித்தான் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறேன்.

அக்கா

---

ராஜபாளையம்
09.11.2025

அக்கா,

இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. வஞ்சுளவல்லி மேடத்திடம் கேட்டேன். கொடுத்துவிட்டேன், வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள் என்றார். பிரித்தாயா என்று அவர் சொல்லவில்லை. அதனால் நடந்ததை இதில் மறுபடியும் எழுதுகிறேன். எனக்கு நானே சொல்லிக்கொள்கிற சமாதானத்தை எல்லாம் விட்டுவிட்டு எழுதுகிறேன்.

செப்டம்பர் இருபத்துமூன்றாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்கு மச்சான் வந்தார். உள்ளே வந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். "வெயிலு அடிக்குது மாப்ளே" என்றார். என் மேஜையில் இருந்த பூதக்கண்ணாடியை எடுத்துத் தன் கண்ணில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். "நீ அதைத் தொறந்து பாத்தியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நல்லது. உங்க அக்கா மாதிரியே நீயும் சூதானமான ஆளு" என்று சொல்லி, என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை, கையை ஓங்கவில்லை. ஆனால் அவர் போய் அரை மணி நேரம் கழித்துத்தான் எழுந்து அந்த ஷட்டரைத் தூக்கிவிட்டேன்.

அப்போது உனக்கு என்ன ஆகும் என்றுதான் நான் நினைத்திருக்க வேண்டும். என்னை என்ன செய்வார் என்றுதான் நினைத்தேன். அடுத்தமுறை ஷட்டரை முழுக்க இறக்குவார் என்றுதான் நினைத்தேன். வாட்சை எடுத்துக்கொண்டு நேராக வெங்கடேஸ்வரி வீட்டுக்குப் போய் மேஜையில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை, பார்த்துக்கொண்டே அழுதார். பிறகு அவர் வீட்டுக்காரர் என்னைக் காரில் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார். சனிக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது.

அங்கே எல்லாம் சொன்னேன். இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "திருட்டுப் பொருளை ஒன்றரை மாசம் டிராயர்ல வச்சிருக்கீரு. சேத்தைக் கழுவி ஊத்தியிருக்கீரு. கேட்டு வந்த பொண்ணுகிட்ட இல்லன்னிருக்கீரு. நீரும் கூட்டுன்னு நான் ஏன் எழுதக் கூடாது?" என்றார். என் பையில் உன் கடிதம் இருந்தது.

கிழிக்கவில்லை அக்கா. கிழிக்கத்தான் எடுத்தேன். பதினைந்து வருஷமாக ஒரு ரசீதுத் துண்டைக்கூட நான் கிழித்துப் போட்டதில்லை. பேப்பர் இல்லாத வாட்சுக்குப் பாதி விலை என்று சொல்லிச் சொல்லிப் பழகிய கை. கணக்குப் பையில் வைத்துவிட்டேன். எந்த நேரத்துக்கும் உதவும் என்று அடிமனதில் நினைத்தேனோ என்னவோ, அதையும் இல்லை என்று சொல்ல எனக்கு வாயில்லை. எடுத்துக் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். என்னைச் சாட்சி என்று எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் உன் வீட்டுக்கு ஜீப் வந்தபோது மகா யூனிபாரத்தில் இருந்தாளாம். அவள் சயின்ஸ் பரீட்சை எழுதவில்லை. மச்சான் இப்போது, முதலாளி வழுக்கி விழுந்து செத்த பிறகுதான் கழற்றினேன் என்று சொல்கிறார். விழுந்தாரா, தள்ளினாரா என்பதைக் கோர்ட்டுதான் சொல்ல வேண்டும். எதுவாக இருந்தாலும் அது மச்சான் செய்தது. நீ போலீசிடம் சொன்ன பொய்யையும், டிரம்மில் ஒளித்து வைத்ததையும் நீயாகப் போய்ச் சொல்லியிருந்தால் அது வேறு. அது உன் கையெழுத்திலேயே என் கையிலிருந்து போனதால் உன்னையும் வழக்கில் சேர்த்துக் கைது செய்துவிட்டார்கள். உனக்கு ஜாமீன் கிடைக்கப் பத்தொன்பது நாள் ஆனது. அந்தப் பத்தொன்பது நாளும் மகா எங்கள் மாடி அறையில் இருந்தாள். பரிபூரணம் கூப்பிட்டால் சாப்பிட வருவாள். நான் கூப்பிட்டால் வர மாட்டாள்.

நீ வெளியே வந்த அன்று அவளைக் கூட்டிப் போக வருகிறாய் என்று சொன்னார்கள். வாசலில் நின்றேன். வஞ்சுளவல்லி மேடம் மட்டும் வந்து மகாவின் பையை வாங்கிக்கொண்டார். நீ தெருமுனையில் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தாய். தலையைத் திருப்பி இந்தப் பக்கம் ஒருமுறை பார்ப்பாய் என்று ஆட்டோ கிளம்பும் வரைக்கும் நின்றேன்.

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. நேர்மையான வியாபாரி என்று பேப்பரில் போட்டுவிட்டார்கள். பாலிஷ் கடைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள்கூட என்னிடம் வருகிறார்கள். தங்கள் கையில் இருப்பதைக் கழற்றி, ரசீதுகூடக் கேட்காமல் மேஜையில் வைக்கிறார்கள். நான் ஆதாரைக் கேட்டால், கேட்கிற கடைதான் நல்ல கடை என்று சந்தோஷமாகக் கொடுக்கிறார்கள்.

நேற்று சேத்தூரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். செத்துப்போன தம்பியின் வாட்சைக் கொண்டு வந்திருந்தார். "உம்மகிட்ட ஒண்ணைக் குடுத்தா பயமில்லாம தூங்கலாம்னு சொன்னாக தம்பி" என்றார். நான் வாங்கவில்லை. வேறு கடை பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டு ஷட்டரை இறக்கினேன்.

அக்கா, நீ என்னிடம் நம்பிக் கொடுத்தது ஒரே ஒரு காகிதம்.

பாண்டிச்செல்வம்